20,000 டொலர் வீடும் அது நிற்கிற ஊரும்

ஆசிரியருக்கு,

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 20,000, 30,000 டொலருக்கு வீடு கிடைக்கிறது என்று உங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, ரொறன்ரோப் பக்கம் வாடகை கட்டிக் களைத்தவர்கள் பலர் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். விலை பொய்யில்லை. அப்படியான வீடுகள் உண்டு. ஆனால் 150 பேர் இருக்கிற ஊரில் வீட்டை வேறாகவும் ஊரை வேறாகவும் வைத்து விலை பேச முடியாது. கட்டுரை வீட்டைப் படம் பிடித்தது, ஊரை விட்டுவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். இவை ‘செத்த ஊர்கள்’ என்றும், இளையவர்களுக்கு விவசாயத்தில் நாட்டமில்லாததால் வெறிச்சோடின என்றும் எழுதப்பட்டிருந்தது. காரணம் அதைவிடச் சாதாரணமானது. அது வண்டில் கணக்கு. குதிரை வண்டிலில் கோதுமையை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பொழுதுபடுமுன் வீடு திரும்ப வேண்டும். அதற்காக ரயில் கம்பனிகள் ஏழெட்டு மைலுக்கு ஒரு நிறுத்தம் வைத்தன. கிராண்ட் ட்ரங்க் பசிபிக் பாதை மேற்கே போகப் போக, நிறுத்தங்களுக்கு ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் வைத்தார்கள்: வாட்ரஸ் (W), ஸீனா (X), யங் (Y), ஸெல்மா (Z). எழுத்து முடிந்ததும் திரும்பவும் அலன் (A), பிராட்வெல் (B), கிளாவெட் (C). நிறுத்தத்துக்கு நிறுத்தம் எலிவேற்றர்கள் எழுந்தன. பலகைகளைப் படுக்கையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஆணியடித்துக் கட்டிய, ஏறத்தாழ 80 அடி உயரத் தானியக் கோபுரம் அது. குழியில் கொட்டிய தானியத்தை, சிறு வாளிகள் கோத்த பட்டி ஒன்று உச்சிக்குத் தூக்கிப்போய் அறை அறையாகப் பிரித்துக் கொட்டும். 1930களில் மூன்று பிரெய்ரி (புல்சமவெளி) மாகாணங்களிலும் இவை 5,000க்கு மேல் நின்றன.

லொறி வந்தது. எட்டு மைல் பத்து நிமிடமானது. 1897 ஒப்பந்தத்தில் தொடங்கிய, தானியத்துக்கான மலிவான ரயில் கட்டண ஏற்பாடு 1995இல் முற்றாக நின்றது. அதன்பின் கிளைப் பாதைகள் பல கழற்றப்பட்டன, எலிவேற்றர்கள் இடிக்கப்பட்டன, நூறு ரயில் பெட்டிகளை ஒன்றாக நிரப்பக்கூடிய கொங்கிறீற் களஞ்சியங்கள் பிரதான பாதைகளில் எழுந்தன. எட்டு மைலுக்கு ஓர் ஊர் தேவைப்படவில்லை. ஒரே வரிசையில் பெயர் பெற்ற வாட்ரஸ் இன்றும் பள்ளிக்கூடம், வைத்தியசாலையோடு நிற்கிறது. ஸீனா வரைபடத்தில் ஒரு பெயர். வாங்கப்போகிறவர் முதலில் அறிய வேண்டியது, தான் பார்க்கும் ஊர் வாட்ரஸின் பக்கமா, ஸீனாவின் பக்கமா என்பதைத்தான்.

செத்த ஊர் என்று சொல்லுமுன் நம் சமையலறை அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பார்க்கலாம். தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற மைசூர்ப் பருப்பு கனடாவில் விளைந்ததென்றால், அதன் பெரும்பகுதி இந்த ஊர்களைச் சுற்றிய வயல்களில்தான் விளைகிறது. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லிங்கார்ட் உருவாக்கிய பச்சைப் பருப்பு இனங்கள்தாம் 1978இல் வந்த லெயார்டும் 1980இல் வந்த எஸ்ரனும். இரண்டுமே இந்த மாகாணத்துச் சிற்றூர்களின் பெயர்கள். செடி முழங்காலுக்கும் எட்டாது. அடிக்காய் நிலத்தோடு ஒட்டிக் காய்க்கும். அதனால் மே மாதம் விதைத்தவுடனே கனமான உருளையை உருட்டிக் கல்லை மண்ணுக்குள் அமுக்குவார்கள். அதைச் செய்யாவிட்டால் அறுவடை இயந்திரத்தின் அலகை அவ்வளவு தாழ்த்த முடியாது, கல் உள்ளே போய் அலகை உடைக்கும். 2017 டிசம்பரில் இந்தியா பருப்புக்கு 30 வீத இறக்குமதி வரி போட்டபோது, அந்தச் செய்தி நம்மில் பலரை எட்டுமுன் இந்த ஊர்களின் காலைக் கோப்பி மேசைகளை எட்டியிருக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம்.

விளம்பரத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இராது. கேட்க வேண்டியது மூன்று: குழாய்நீர் கிராமசபையினதா, சொந்தக் கிணறா, அல்லது லொறியில் வாங்கித் தொட்டியில் நிரப்புவதா? இப்போது ‘கொதிக்க வைத்துக் குடிக்கவும்’ என்ற அறிவித்தல் நடைமுறையில் உள்ளதா? வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது? எட்டு, ஒன்பது அடி என்றால் பயமில்லை. பலர் நினைப்பதுபோல் ஜனவரியில்தான் குழாய் உறையும் என்றில்லை. உறைவு மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்கி, வெளியே வெயில் ஏறத் தொடங்கும் மார்ச், ஏப்ரலில்தான் ஆகக் கீழே போகிறது. பனிப்போர்வை மண்ணுக்குக் கம்பளிபோல. வீதியில் அதை வழித்துத் தள்ளிவிடுவதால் புல்வெளியைவிட வீதிக்கடியில்தான் உறைவு ஆழமாகப் போகும். அந்த மாதங்களில் குழாயைப் பென்சில் தடிப்பில் ஓடவிடச் சொல்லிச் சபை அறிவித்தால், அது சொன்ன நாள்வரை ஓடத்தான் வேண்டும். தண்ணீர் வீணாகிறதே என்று பூட்டுகிறவர் வீட்டில்தான் உறையும்.

அடுத்தது நிலவறை. ரெஜைனாவைச் சுற்றிய பகுதி கனத்த களிமண். ஈரத்தில் வீங்கும், வரட்சியில் சுருங்கும். அதோடு சேர்ந்து வீடும் ஏறி இறங்கும். அதற்காகவே பழைய வீடுகளில் நடு உத்தரத்தைத் தாங்கி, திருகி உயர்த்தித் தாழ்த்தக்கூடிய இரும்புத் தூண்கள் நிற்கும். தூண் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தாலும், மேல்மாடிக் கதவுகள் சட்டத்தில் சிக்கினாலும், பல வருடம் ஒருவரும் கவனிக்கவில்லை என்று பொருள். உத்தரம் தாழ்ந்திருக்கிறதென்று ஒரே நாளில் திருகி நிமிர்த்தக் கூடாது. கால் சுற்று திருகி, சில கிழமை விட்டு, மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் மேலே சுவர்ப்பூச்சு பிளக்கும். சுவர் உள்ளே வயிறு தள்ளியிருந்தால் தூணால் ஆகாது. வெளியே தோண்டிச் சரிசெய்யும் செலவு வீட்டு விலையை மிஞ்சலாம்.

வெப்ப உலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இயற்கை எரிவாயு இணைப்பு ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில் புரொப்பேன் தாங்கி அல்லது எண்ணெய், செலவும் அதற்கேற்ப. உலை புதிய, கூடிய வினைத்திறன் உடையதென்றால் புகைபோக்கி கூரைக்குப் போகாமல் பக்கச் சுவரால் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்களாக வெளியே வரும். ஒன்று காற்றை இழுக்கிறது, மற்றது ஈரப் புகையைத் தள்ளுகிறது. மறை 35 பாகையில் (-35°C), தள்ளிய ஈரத்தைப் பக்கத்துக் குழாய் திரும்ப இழுத்தால் அதன் வாயில் உப்புப் பூத்ததுபோல் பனி படியும். பூச்சி, குருவி போகாமலிருக்கப் போட்ட கம்பிவலைதான் முதலில் அடைபடும். காற்று குறைந்ததும் அழுத்தத்தைக் கவனிக்கும் ஆளி (சுவிட்ச்) உலையை நிறுத்திவிடும். வீட்டிலுள்ளவர் உலை பழுதென்று நினைத்து, நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருப்பார். அதற்குள் சமையலறைக் குழாய் வெடித்திருக்கும். செய்ய வேண்டியது: உலையின் மின்னை நிறுத்தி, வெளியே போய்க் கையால் பனியைத் தட்டி எடுத்து, மீண்டும் மின்னைப் போடுவது. மாரியில் வலையைக் கழற்றி வைப்பது நல்லது. குழாய் வாய்கள் பனி குவியும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கரியொரொட்சைட்டு (carbon monoxide) என்ற நச்சு வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் ஓர் இரவுகூடப் படுக்கக் கூடாது.

கூரைக்கு மேல் நீட்டியிருக்கும் கழிவுக்குழாயின் காற்றுவழியும் இதேபோல் பனியால் மூடும். மலகூடம் குளுகுளுவென்று சத்தமிட்டு நாற்றம் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

காப்புறுதியை வீட்டை வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். தீயணைப்பு நிலையம் 8 கிலோமீற்றருக்குள் உள்ளதா, தீயணைப்பு நீர்க்குழாய் முனை 300 மீற்றருக்குள் உள்ளதா என்று கம்பனி கேட்பது வழக்கம். விறகு அடுப்பு இருந்தால் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கும். ‘மலிவு வீட்டை வாங்கிப் போட்டுவிட்டு ரொறன்ரோவிலேயே இருப்போம், விலை ஏறட்டும்’ என்று கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் இதில் பெரிய பொறி. வீடு 30 நாளுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தால் பல ஒப்பந்தங்களில் காப்பு சுருங்கும் அல்லது போய்விடும். மாரியில் நாலு நாளுக்கு மேல் வெளியே போனால், யாராவது வந்து பார்க்கவோ தண்ணீரை மூடி வடிக்கவோ ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் உறைந்து வெடித்த குழாய்க்கு நட்டஈடு கிடையாது. விலை ஏறும் என்ற நம்பிக்கையும் வீண்.

வரியும் அப்படித்தான். வீட்டின் பெறுமதி குறைவென்பதால் வரியும் சிறிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த மாகாணத்தில் சபைகள் எந்த வீட்டுக்கும் ஓர் அடிப்படை வரியோ ஆகக்குறைந்த வரியோ விதிக்கலாம். ஒரு டொலர், பத்து டொலர் காணிகள் விற்பனைக்கு வருமிடத்தில் ‘இத்தனை மாதத்துக்குள் வீடு கட்ட வேண்டும்’ என்ற நிபந்தனையும் கூட வருவது வழக்கம்.

முகவரி விடயத்தைக் கட்டுரை தொடவேயில்லை. ஊருக்கு வெளியே உள்ள வீடென்றால், பத்திரத்தில் வடமேற்கு 14-22-18 மேற்கு 2 என்பதுபோல் ஒரு குறிப்பு இருக்கும். 1871இல் தொடங்கிய நில அளவையின் மொழி அது. கடைசியிலிருந்து படிக்க வேண்டும். இரண்டாம் நெடுங்கோட்டுக்கு (102 பாகை மேற்கு) மேற்கே 18ஆவது நிரல், அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே 22ஆவது வரிசை, அந்த ஆறு மைல் சதுரத்துக்குள் 14ஆம் எண் கண்டம், அதன் வடமேற்குக் கால்பங்கு. கண்டம் என்றால் ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். கால்பங்கு 160 ஏக்கர். எண்கள் தென்கிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6வரை போய், அடுத்த வரிசையில் 7இலிருந்து கிழக்கே திரும்பும். மாடு உழுது திரும்புகிற மாதிரி. மூன்றாம் வரிசையில் கிழக்கிலிருந்து இரண்டாவது, நம்முடைய 14. இந்தக் குறிப்பைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். வீதிப்பெயர் இல்லாத இடத்தில் 911க்குச் சொல்ல உங்களிடம் வேறொன்றும் இருக்காது.

அம்புலன்ஸ் எங்கிருந்து வருகிறது, அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவு இரவில் திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவைக்க வேண்டும். 1993இல் இந்த மாகாணம் 52 கிராமப்புற வைத்தியசாலைகளில் உள்ளிருப்புச் சிகிச்சையை நிறுத்தியது. ஊர்களை இணைத்த மாகாண அரசின் பஸ் சேவையும் 2017 மே 31உடன் முடிந்தது. கணவன் மனைவி இருவருக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பம் இங்கு வரவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. தாத்தா, பாட்டியைக் கூட்டிவந்து தனியே வீட்டில் விடுவதும் அப்படியே.

எரிகிற வீட்டுக்குத் தீயணைக்க வருகிறவர்கள் சம்பளக்காரர் அல்ல. கடையில் நிற்கிறவர், பள்ளிப் பஸ் ஓட்டுகிறவர், சபை எழுதுநர் போன்றவர்கள்தாம். ஐஸ் அரங்கை நடத்துகிறவர்களும் அப்படியே. குளிரூட்டி இல்லாத ஊர்களில், ஐஸில் கனமான கல்லை வழுக்கவிட்டு ஆடும் கேர்லிங் விளையாட்டின் தளத்தை இயற்கைக் குளிரில்தான் கட்டுவார்கள். 150 அடி நீளத்துக்குத் தண்ணீரை மெல்லிய படையாகத் தெளித்து, உறைந்த பிறகு அடுத்தது. பொறுமையில்லாமல் ஒரேயடியாகத் தடிப்பாய் ஊற்றினால் மேற்பரப்பு முதலில் உறைந்து, கீழே காற்று தங்கி, முட்டைக் கோதுபோல் உடையும். ஓடுகிற கல் ஒவ்வொன்றும் 40 இறாத்தல் அளவு. குளிரூட்டி உள்ள ஊரில் வேலை குறைவு, மின்கட்டணம்தான் ஆளை விழுத்தும்.

அந்தக் கட்டணத்துக்காகவே இலையுதிர்காலத்தில் ஊர் மண்டபத்தில் வான்கோழி விருந்து வைக்கிறார்கள். கணக்கு எளியது: ஆளுக்குப் பச்சையாக ஓர் இறாத்தல். 200 பேர் என்றால் 20 இறாத்தல் பறவை பத்து. பத்து வீட்டுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 82 பாகை காட்ட வேண்டும். மற்ற வீடுகளுக்கு உருளைக்கிழங்கு, பை (pie) என்ற இனிப்புப் பண்டம். புதிதாக வந்த குடும்பத்தின் பெயரும் வேலை பிரிக்கும் தாளில் ஏறிவிடும், பெரும்பாலும் பாத்திரம் கழுவும் பக்கத்தில். அதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். கழுவுகிற இடத்தில்தான் யாரிடம் பனி தள்ளும் இயந்திரம் இருக்கிறது, யார் உலை திருத்துவார் என்பதெல்லாம் தெரியவரும்.

பார்க்கப் போவதானால் ஜூலையில் போகாதீர்கள். எல்லா வீடும் அப்போது அழகுதான். பெப்ரவரி கடைசியில், முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிட்டுப் போங்கள். கிராமசபை அலுவலகம் பல இடங்களில் கிழமைக்கு இரண்டு மூன்று நாளே திறக்கும். வரி நிலுவை, இடிப்புக் கட்டளை, தண்ணீர் அறிவித்தல் மூன்றையும் அங்கேயே கேட்கலாம். மறை 15க்குக் கீழே போனால் காரின் எஞ்சின் சூடாக்கியை மின்னில் செருக வேண்டும், புறப்படுமுன் மூன்று நாலு மணித்தியாலம் போதும். வீட்டுக்காரர் செருகு வயர் தர மறுத்தால் மட்டும், அந்த ஊரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் இருவர்,
ரெஜைனா, சஸ்காச்சுவான்