குரிக்குப் பணம் கட்டினோம், சாம் மணலில் இறக்கிவிட்டீர்கள்

அனுப்புநர்: உங்கள் ராஜஸ்தான் சுற்றுலாவில் வந்த ஐவர் குடும்பம், விருத்தாசலம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை
நாள்: 8 ஜனவரி 2024
பொருள்: ஜெய்சல்மேர் பாலைவன சஃபாரியில் நடந்த குளறுபடியும் என் அம்மாவுக்கு ஏற்பட்ட காயமும், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் உங்களுடைய எட்டு நாள் ராஜஸ்தான் சுற்றுலாவில் நாங்கள் ஐந்து பேர் வந்தோம். நான், என் கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு மகன், 67 வயதான என் அம்மா. ஜெய்ப்பூரிலும் ஜோத்பூரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டல் சுத்தமாக இருந்தது, வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது, ஜோத்பூரில் இட்லிகூடக் கிடைத்தது. அதை இட்லி என்று அவர்கள் சொன்னார்கள், நாங்களும் ஒத்துக்கொண்டோம். இந்தக் கடிதம் டிசம்பர் 27 பிற்பகலிலிருந்து மறுநாள் காலை வரை நடந்ததைப் பற்றி மட்டும்தான்.

பாலைவன சஃபாரி உங்கள் பேக்கேஜில் தனிக்கட்டணம். ஆளுக்கு 6,500 வீதம் 32,500 ரூபாய் கட்டினோம். கட்டுவதற்கு முன் உங்கள் அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் செய்து கேட்டேன். ஜெய்சல்மேர் போகிறவர்கள் பெரும்பாலும் போவது ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேடுகளுக்கு. அங்கே கேம்ப்கள் வரிசையாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், கிறிஸ்துமஸ் வாரத்தில் திருவிழாக் கூட்டமாக இருக்கும் என்று போய்வந்த உறவினர்கள் சொல்லியிருந்தார்கள். உங்கள் அட்டவணையில் தென்மேற்கே இருக்கும் குரி கிராமம் என்று போட்டிருந்தது. மண்சுவர் வீடுகள், அமைதி, ஒட்டக வண்டி என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் சம்மதித்தோம்.

இன்னொன்றும் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகியிருக்கிறது, குலுங்கும் வண்டியில் ஏறக் கூடாது. இதை விண்ணப்பத்தில் எழுதியதோடு நிற்காமல் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அக்டோபர் 19 அன்று வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “நோட்டட் மேடம். அம்மாவுக்கு ஒட்டக வண்டி ஏற்பாடு செய்துவிடுகிறோம். கவலை வேண்டாம்.” கவலைப்படவில்லை. அதுதான் நாங்கள் செய்த தவறு.

இரண்டரைக்கு வர வேண்டிய வண்டி நான்கு மணி தாண்டி வந்தது. அதனால் குல்தாராவைப் பார்க்க முடியவில்லை. பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன அந்தப் பாழூரைப் பற்றி மகனுக்கு ஒரு வாரமாகக் கதை சொல்லிக் கூட்டிவந்திருந்தேன், அது அப்படியே போயிற்று. உங்கள் டூர் மேனேஜர் வரவில்லை, ஓட்டலில் கணக்கு பார்க்க வேண்டும் என்று தங்கிவிட்டார். “தமிழ் பேசும் வழிகாட்டி” என்று அட்டவணையில் இருந்தவர் வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொற்கள்: வாங்க, போங்க, சாப்பாடு. நல்ல மனிதர்தான், சிரித்த முகம். ஆனால் மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பாலைவனத்தை விளக்க முடியாது.

வழியில் அம்மா ஒரு மரத்தைக் காட்டி அது என்ன மரம் என்று கேட்டார். “கேஜ்ரி” என்றார் வழிகாட்டி, அதோடு முடிந்தது. மகன் போனில் தேடிப் பார்த்தபோது, அது நம்ம வன்னி மரம்! விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தல விருட்சமே அதுதான். ஊரில் வாரம் தவறாமல் சுற்றிவரும் மரத்தை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மணல்வெளியில் பார்த்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி கையை ஆட்டினார். அன்றைக்குத் திருவாதிரை வேறு. களி கிண்டாமல் ஊரை விட்டு வந்துவிட்டோமே என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தவர். இரண்டு நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

வண்டி தெற்கே திரும்பாமல் நேரே மேற்கே போவதை மகள்தான் போனில் மேப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். உடனே டூர் மேனேஜரைக் கூப்பிட்டேன். குரியில் இடமில்லை, சாமில் போட்டிருக்கிறோம் என்றார். எப்போது தெரியும் என்று கேட்டால், முந்தாநாளே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை? “சாம்தான் மேடம் ஃபேமஸ். குரி போர் அடிக்கும். நீங்க பாருங்க, குழந்தைங்க என்ஜாய் பண்ணுவாங்க.”

சரி, பாதி வழி வந்தாயிற்று, போய்த்தான் பார்ப்போம் என்று இருந்துவிட்டோம்.

சாமில் சாலையோரம் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். கேம்ப் மணலுக்கு உள்ளே இருக்கிறது, கார் போகாது, ஜீப்பில்தான் போக வேண்டும், ஐந்தே நிமிடம் என்றார்கள். அம்மாவின் முதுகைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் பிரவேசிகா வரை படித்த இந்தி அன்றைக்குத்தான் உதவியது. மெதுவாக ஓட்டுவார், பயப்படாதீர்கள் என்றார் வழிகாட்டி. ஒட்டக வண்டி எங்கே என்று கேட்டதற்கு அப்படி எதுவும் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றார். அந்தப் பதிலை நான் நம்புகிறேன்.

திறந்த ஜீப். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை இருக்கை, பிடித்துக்கொள்ளத் தலைக்கு மேலே ஓர் இரும்புக் குழாய், பெல்ட் கிடையாது. எங்கள் ஐந்து பேரோடு இன்னும் இரண்டு பேரை ஏற்றினார்கள். என் கணவர் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், டயரைப் பார்க்காமல் எந்த வண்டியிலும் ஏற மாட்டார். மணலில் ஓட்டப்போகும் வண்டிக்குக் காற்றைப் பாதியளவுக்காவது இறக்க வேண்டும். டயர் சப்பையானால்தான் மணலில் அகலமாகப் பதிந்து பிடிக்கும், புதையாது. அந்த ஜீப்பின் நான்கு டயரும் தார் ரோட்டுக்கு அடித்ததுபோல் கல்லாக இருந்தன. கேட்டதற்கு, திரும்பக் காற்றடிக்க நேரமில்லை, வரிசையில் ஆள் நிற்கிறது என்றார் ஓட்டுநர்.

ஐந்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாயிற்று. போனது கேம்புக்கு அல்ல. மணல்மேட்டில் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, மூக்குக் குத்தாக இறங்கி, அடுத்த மேட்டில் மறுபடி. மகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை, மறைக்க மாட்டேன். எதிரே அம்மா ஒரு கையால் குழாயையும் இன்னொரு கையால் என் முழங்காலையும் பிடித்துக்கொண்டிருந்தார். “ருக்கோ, ருக்கோ” என்று நான் கத்தியதை ஓட்டுநர் ஆனந்தக் கூச்சல் என்று எடுத்துக்கொண்டார்போல, இன்னும் வேகமாக அழுத்தினார். மூன்றாவது மேட்டில் பின் சக்கரம் துள்ளி விழுந்தபோது அம்மா இருக்கையிலிருந்து ஒரு சாண் எழும்பி, பலகையின் இரும்பு விளிம்பில் உட்கார்ந்தார். சத்தமே போடவில்லை. கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் மடியிலிருந்த எவர்சில்வர் டப்பா திறந்து, எள்ளுருண்டை எல்லாம் மணலில் கொட்டிவிட்டது. அவ்வளவுக்குப் பிறகுதான் வண்டி நின்றது, அதுவும் ஒட்டகம் நிற்கும் இடம் வந்துவிட்டதால்.

டீக்கடைப் பாயில் அம்மாவைப் படுக்க வைத்தோம். “எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வா” என்றார். அம்மாக்கள் இப்படித்தான் சொல்வார்கள், நாமும் நம்பிவிடுகிறோம்.

ஒன்றரை மணி நேர ஒட்டகப் பயணம் என்று அட்டவணை சொல்கிறது. கடிகாரம் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், ஏறியவர் முன்பக்கம் சாய்ந்துவிடுவார், அதனால் உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உட்காரும்போதும் அப்படியே. இதை யாரும் சொல்லவில்லை, நான் ஒட்டகத்தின் கழுத்தில் முகம் மோதிக் கற்றுக்கொண்டேன். மகள் ஏறவில்லை. அவளுக்குக் கொடுத்த ஒட்டகத்தின் மூக்கில் குச்சி குத்திய இடம் புண்ணாகி ஈ மொய்த்தது. “இதுமேல நான் ஏற மாட்டேன்மா” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஒட்டகத்தை ஓட்டிவந்த பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். ஒரு நடைக்கு அவனுக்குக் கிடைப்பது 100 ரூபாய் என்றான். நான் உங்களிடம் கட்டியது ஆளுக்கு 6,500.

மகளுக்கு வேறொரு ஏமாற்றமும் உண்டு. “கானமயில் காணும் வாய்ப்பு” என்று உங்கள் விளம்பரத்தில் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். காட்டில் 150 அளவில்தான் மிஞ்சியிருப்பதாகச் சொல்லப்படும் பறவை, ராஜஸ்தானின் மாநிலப் பறவை, அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று இந்த ஜெய்சல்மேர்ப் பகுதி. பள்ளியில் அதைப் பற்றி அவள் கட்டுரை எழுதியவள், மாமாவிடம் பைனாகுலர் இரவல் வாங்கி வந்திருந்தாள். வழிகாட்டி ஒரு வேலியோரம் காட்டியது பெண்மயிலை. இவள் இல்லை என்று தலையாட்ட, அவர் ஆமாம் என்று தலையாட்ட, அப்படியே போயிற்று. காணவே முடியாத அளவுக்கு அருகிப்போன பறவையைப் பார்க்கலாம் என்று விற்பதே தப்பு. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுடுதண்ணீர் இல்லை. ஐந்து பேருக்கு மூன்று ரஜாய், வெளியே பல் கிட்டும் குளிர். ராத்திரி பதினொன்றரை வரை டிஜே. பக்கத்து கேம்பிலும் டிஜே, வேறு பாட்டு. சாப்பாட்டில் கேர் சாங்கிரி மட்டும் அருமை, அதன் சாங்கிரி அதே வன்னி மரத்தின் காய்தான் என்று தெரிந்ததும் அம்மா படுத்தபடியே இரண்டு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“மாங்கணியார் இசை நிகழ்ச்சி”, அதாவது இந்தப் பக்கத்துப் பரம்பரை நாட்டுப்புறப் பாடகர்களின் கச்சேரி, என்பது மூன்று பாட்டு. கமாய்ச்சா என்ற வில் போட்டு வாசிக்கும் நரம்பு வாத்தியத்தை வாசித்த பெரியவர் நான்காவது பாட்டுக்கு வில்லைக் கையில் எடுத்தபோது ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வாத்தியத்தைத் துணியில் சுற்றினார். டிஜே ஓய்ந்த பிறகு என் கணவர் அவரைத் தேடிப் போய் எங்கள் டென்ட் வாசலுக்குக் கூட்டிவந்தார். அம்மாவுக்காகப் பத்து நிமிடம் வாசித்தார். ஆட்டுத்தோல் போர்த்திய அந்த உருண்டை வயிற்றிலிருந்து வந்த கார்வை இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம்தான் நாங்கள் கேட்டு வந்த பாலைவனம். அது உங்கள் ஏற்பாடு அல்ல.

அப்புறம், “தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்த்தல்” என்று ஆளுக்கு 400 ரூபாய், மொத்தம் 2,000. தொலைநோக்கி வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்வது? பௌர்ணமிக்கு மறுநாள்! மணல் முழுக்க நிலா பால் ஊற்றியதுபோல் இருந்தது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரம் எதுவும் தெரியாது என்பது காலண்டர் தாளைக் கிழிக்கிற யாருக்கும் தெரியும். முன்பணம் வாங்கிய அன்றே உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவால் எழுந்து நிற்க முடியாமல், கணவரும் வழிகாட்டியுமாகத் தாங்கி வெளியே கூட்டிவந்தார்கள். கேம்ப் வாசலில், தார் ரோட்டின் மேல், முந்தின நாள் எங்களைக் கொண்டுவந்த அதே கார் நின்றுகொண்டிருந்தது. கேம்ப் மணலுக்குள்ளே இல்லை. கார் வாசல் வரை வரும். ஜீப்பில் ஏற வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

ஜெய்சல்மேரில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிவு இல்லை, தசை பிசகியிருக்கிறது, பத்து நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். செலவு 1,850 ரூபாய். அம்மா கோட்டையைப் பார்க்கவில்லை. 1156-இல் கட்டத் தொடங்கி, இன்றும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிற கோட்டை. ஓட்டல் ஜன்னல் வழியாக மஞ்சள் கல் மதில் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். திரும்பும் ரயிலில் கீழ் பெர்த்தில் படுத்தபடியே வந்தார்.

இனி கணக்கு. சஃபாரி 32,500, நட்சத்திரம் 2,000, மருத்துவம் 1,850, ஆக 36,350. டென்டில் படுத்தோம், சாப்பிட்டோம், அதற்கு ஆளுக்கு 1,500 வீதம் 7,500-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி 28,850 ரூபாயை இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் என் கணக்கில் போட வேண்டும். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறோம் என்று டூர் மேனேஜர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அது வேண்டாம். இடத்தை மாற்றினால் வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் மாற்றுவோம் என்றும், உடல்நலக் குறிப்பை உள்ளூர் ஏஜென்டுக்கு எழுத்தில் அனுப்புவோம் என்றும் ஒரு கடிதம் தாருங்கள். இதைச் சாக்காக வைத்து அந்த ஜீப் ஓட்டுநரையோ ஒட்டகப் பையனையோ வேலையை விட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள். அம்மாவின் முதுகைப் பற்றி அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொன்னோம்.

பதில் வராவிட்டால் 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அதற்கும் மசியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. போடுவதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, நான் அவ்வளவு நாள் காத்திருக்கப்போவதில்லை. ரசீதுகள், எக்ஸ்ரே அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடலின் நகல், கேம்ப் வாசலில் கார் நிற்கும் படம் எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் நேரில் பேசி மன்னிப்புக் கேட்கிறோம் என்று டூர் மேனேஜர் சொன்னார். தாராளமாகக் கேட்கட்டும். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். பிசியோதெரபிக்காரர் வந்து போக ஒன்பதரை ஆகிவிடுகிறது.

இப்படிக்கு,
ஐவரின் சார்பில், பதிவு செய்து பணம் கட்டியவள்