41ஆ, 14ஆ?

செல்லம்,

பருப்புப்பொடி பார்சல் அவ்வளவு தாமதமானதற்குக் காரணம் நான்தான். பிரான்சில் உன் பிளுவா ஊருக்கு அஞ்சல் எண் 41000 என்று எழுத வேண்டியதை 14000 என்று எழுதியிருக்கிறேன். அங்கே முதல் இரண்டு இலக்கம்தான் மாவட்ட எண், 14 என்றால் வடக்கே நார்மண்டியில் இருக்கிற கல்வதோஸ் மாவட்டமாம், நம் பொடி கடலைப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வந்திருக்கும்.

அம்மாவின் கேலி தாங்காமல் பிரான்ஸ் மாவட்டங்களை எண்ணோடு மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் 101. பெரும்பாலும் அவர்களுடைய அகரவரிசைப்படிதான் எண். 01 பெயர் 'ஏன்', 02 பெயரும் 'ஏன்'. அவர்கள் முதலாவதை மூக்கால் சொல்கிறார்கள், என் வாயில் இரண்டும் ஒன்றுதான். "முதல் பேரே ஏன்னு கேக்குது, நீங்க எதுக்கு இந்த வயசுல?" என்கிறாள் அம்மா.

1790இல் புரட்சிக்காரர்கள் பழைய மாகாணங்களை உடைத்து, அந்தப் பெயர்களே வேண்டாம் என்று ஆறு, மலை பெயர்களாக வைத்திருக்கிறார்கள். நமக்கு நீலகிரி இருக்கிறது, ஆனால் காவிரி பெயரில் ஒரு மாவட்டம்கூட இல்லை பார். அங்கேயும் வம்பு உண்டு: லுவார் ஆறு கடலில் சேருகிற மாவட்டத்துக்கு முதலில் 'கீழ் லுவார்' என்று பொருள்படும் பெயர், அந்தச் சொல்லுக்கே மட்டம் என்றும் அர்த்தம், யாருக்குப் பிடிக்கும்? 1957இல் 'லுவார் அத்லாந்திக்' ஆக்கிவிட்டார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற மாவட்டம் லுவார்-ஏ-ஷேர், அதாவது லுவாரும் ஷேரும், இரண்டும் ஆறுகள். உன் ஊர்ப் பாலத்துக்கு அடியில் ஓடுகிற லுவார்தான் பெயரில் வருகிற லுவார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம்! உன் ஊரில் ஓடுவது பெரிய லுவார், பிரெஞ்சில் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல், அதுவும் பெண்பால். மாவட்டப் பெயரில் இருப்பது வடக்கே வாந்தோம் ஊர் வழியாகப் போகிற சின்ன லுவார், அது ஆண்பால். தெற்கே ஷேர். நடுவில் ஓடுகிற பெரிய ஆற்றுக்குப் பெயரில் இடமே இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே லுவார்தான், நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாந்தோம் போய் அந்தச் சின்ன ஆற்றைப் படம் எடுத்து அனுப்பு. வாட்ஸாப்பில் போதும். அடுத்த பார்சலில் நாரத்தங்காய் வருகிறது, 41 என்று அம்மா தன் கையால் எழுதி ஒட்டியாகிவிட்டது.

அப்பா