பர்மா தேக்கு: காசு யாருக்குப் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றியும் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் செல்லரித்த தூணுக்கு மாற்றாக அசல் பர்மா தேக்கு இன்றும் கிடைக்கிறது என்று ஒரே வரியில் தாண்டிப் போனது உறுத்தியது. கிடைக்கிறது, சரி. யாரிடமிருந்து?

பர்மாவில், அதாவது இன்றைய மியன்மாவில், காட்டுத் தேக்கு அரசின் சொத்து. வெட்டி விற்பது மியன்மா மர நிறுவனம் என்ற அரசு அமைப்பு. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததோடு அதுவும் ராணுவத்தின் கைக்குப் போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த நிறுவனத்தின் மீது தடை போட்டன. இந்தியா போடவில்லை. அதே ஜூனில் ராணுவ ஆட்சிக்கு எதிராக ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்திலும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 1,600 கிலோமீட்டருக்கு மேல் எல்லை இருக்கிறது, சீனா பக்கத்தில் இருக்கிறது. டெல்லிக்கு ஆயிரம் கணக்கு. வளவுக்கு, அதாவது வீட்டு உள்முற்றத்துக்கு, தூண் வாங்குகிற நமக்கு அந்தக் கணக்கு எதுவும் கிடையாதே.

தடை என்பதே வெள்ளைக்காரர்களின் பாசாங்கு என்பார்கள். பாதி உண்மைதான். உக்ரைன் போர் தொடங்கிய பிறகும் ஐரோப்பா ரஷ்ய எரிவாயுவை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. பொருளாதாரத் தடை ஏழைகளைத்தான் அடிக்கும் என்பதையும் பல இடங்களில் ஒப்புக்கொள்வேன்; ஆயத்த ஆடை ஆலையை மூடினால் முதலில் கூலி இழப்பது அங்கே தைக்கிற பெண்கள்தான். தேக்கு அப்படியல்ல. அதில் வரும் பணத்தில் பெரும்பங்கு நேராக அரசுக்குத்தான் போகிறது. 2023 ஏப்ரலில் சகாயிங் பகுதியில் பசிஜி கிராமத்தின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அரசு அது.

இதைச் சொல்ல மற்ற ஊர்க்காரர்களைவிட, பர்மாவில் வட்டித் தொழில் செய்த செட்டிநாட்டுக்காரர்களான நமக்கு உரிமை அதிகம், கடமையும் அதிகம். 1962இல் ராணுவத் தளபதி நே வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமையாகிப் போயின, 1964இல் கடைகளும் அப்படியே போயின. உடுத்திய துணியோடு கப்பலேறியவர்கள் கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இன்னொரு கதையை மட்டும் நாம் சத்தமாகச் சொல்வதில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களின் வட்டிக் கடைகள் வசம் இருந்தது 6 விழுக்காடு நிலம். 1938இல் அது 25 விழுக்காடு. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் வந்து சேர்ந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களுக்கு வேண்டியிருந்தது பணம்தான், நிலமல்ல என்பது நியாயமான பேச்சு. ஆனாலும் நிலத்தை விட்டு எழுந்து போனவன் பர்மியக் குடியானவன். அந்த நாட்டோடு நமக்குப் பழைய பாக்கி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தூண்களும் பர்மா தேக்குதான். அவற்றைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. புதிதாக வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய வீட்டு மரம் கிடைக்கிறது (நல்ல வீட்டை இடித்து விற்கிற கூத்து தனிக் கதை). கேரளத்து நிலம்பூர்த் தேக்கு இருக்கிறது. நல்ல ஆசாரி கையில் அதுவும் சோடை போகாது.

மியன்மா 2014 ஏப்ரலிலேயே முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே மரவாடியில் புதிதாக வந்த பர்மா முழு மரம் என்று யாராவது காட்டினால் அதுவே சந்தேகத்துக்குரியது. அறுத்த மரம் என்றால் எந்த ஆண்டு வந்தது, எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்று கேட்டு, ரசீதைப் பார்க்கலாம். கட்டுரை ஆசிரியர் இங்குள்ள மரவாடிகளிலும் பாரம்பரிய விடுதிகளிலும் இதைக் கேட்டு, கிடைக்கும் பதிலை அடுத்த இதழிலேயே எழுதினால் என்னைப் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கானாடுகாத்தான்