காலை நடைக்கு வருபவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். நம் மைதான டிராக்கில் காலையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், நடப்பவர்களைச் சுற்றி விலகி விலகி ஓட வேண்டியிருக்கிறது. முழு வேகத்தில் வரும் பிள்ளையால் சட்டென்று நிற்க முடியாது. மோதினால் இருவருக்கும் அடி; வயதானவர்களுக்கு எலும்பே முறியலாம். அதனால் நடப்பவர்கள் தயவுசெய்து வெளிப்பக்கம் உள்ள 6, 7, 8ஆம் லேன்களில் (கோடு போட்டுப் பிரித்த தடங்களில்) மட்டும் நடங்கள். முதல் லேனில் ஒரு சுற்று 400 மீட்டர், 8ஆம் லேனில் ஏறக்குறைய 453. நமக்கு அது கூடுதல் நடை, நல்லதுதான். அவர்களுக்கோ அந்த 400 மீட்டரை வைத்துத்தான் நேரக் கணக்கே.

ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். நான்கு பேர் பேசிக்கொண்டே வரிசையாக நடந்தால் மூன்று லேன் அடைபடும். இரண்டிரண்டு பேராகப் போகலாமே. அப்புறம், ஓடுபவர்கள் போகும் திசையிலேயே, இடது கை உள்பக்கம் இருக்கும்படி நடங்கள்.

ஈட்டி எறியும்போது நடுப் புல்வெளியைக் குறுக்கே கடக்கவே வேண்டாம். ஆண்களுக்கான ஈட்டி 800 கிராம், முனை உலோகம்.

பயிற்சியாளர்களே, ஹர்டில்களை (தாண்டி ஓட வைக்கும் தடைகளை) வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நுழைவாயில் சாய்தளத்தில் யாரும் பைக் நிறுத்தாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு அது ஒன்றுதான் வழி.