சம்மத அறிவிப்பைத் தமிழில் தரச் செய்யவும் பழைய சம்மதங்களுக்குக் கெடு விதிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
செல்போன் பழுதுநீக்கும் கடை மற்றும் ஜெராக்ஸ் கடை நடத்துபவர்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.
(பெயரும் முழு முகவரியும் கையொப்பமிட்ட படியில் உள்ளன)

பெறுநர்:
செயலர் அவர்கள்,
மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்,
எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன், லோதி சாலை,
புது தில்லி – 110 003.

பொருள்: பெரிய இணைய நிறுவனங்கள் தரும் சம்மத அறிவிப்பைத் தமிழில் பெறச் செய்தல், ஏற்கெனவே வாங்கிய சம்மதங்களுக்குக் கெடு விதித்தல், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க வகைசெய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது. அதன்படி இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் பதினான்கு ஆண்டுகளாகச் செல்போன் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எல்லாம் உண்டு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், பேரப்பிள்ளைகளிடம் வீடியோவில் பேசுவதற்காகப் போன் வாங்கியவர்கள் என்று பலரும் வருவார்கள். அவர்களில் பலர் போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்வது ஒன்றேதான்: “எய்யா, என்னமோ கேக்குதுய்யா, நீயே அமுக்கி விடு.”

நானும் அமுக்கிக் கொடுத்திருக்கிறேன், ஆயிரக்கணக்கான முறை.

சென்ற தைப்பொங்கல் சமயத்தில் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பிய புதுப் போனைக் கொண்டு வந்தார். அன்று எண்ணிக்கொண்டே செய்தேன். போனை ஆன் செய்தது முதல் பேத்தியின் முகம் திரையில் தெரியும்வரை, ‘ஏற்கிறேன்’, ‘அனுமதி’, ‘தொடர்க’ என்று பதினோரு இடத்தில் தொட வேண்டியிருந்தது. ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் நல்ல தமிழில், பெரிதாக, நீல நிறத்தில் இருந்தது. எதை ஏற்கிறோம் என்று பார்க்க அதன் மேலிருந்த சிறிய எழுத்தைத் தொட்டேன். திறந்தது முழுக்க ஆங்கிலம். விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். “என்னய்யா போட்டிருக்கான்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொத்தானைத் தமிழில் எழுத முடிந்த நிறுவனத்துக்கு, அதன் பின்னால் இருப்பதைத் தமிழில் எழுத முடியாதா?

அன்று அந்த நிறுவனம் பெற்றது யாருடைய சம்மதம் என்பதுதான் இம்மனுவின் கேள்வி. அவர் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. ஆனால் அவர் எங்கே போகிறார், யாரிடம் பேசுகிறார், எதைத் தேடுகிறார் என்பதையெல்லாம் சேர்த்து வைக்க அவரே ஒப்புக்கொண்டதாக எங்கோ ஒரு கணினியில் பதிவாகியிருக்கிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு ஆறு ஆண்டு கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வந்தது. அந்தச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நல்ல சட்டம்தான் என்று சொல்லத் தயங்க மாட்டேன். சம்மதம் என்பது சுதந்திரமாக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது 6ஆவது பிரிவு. அங்கேயே ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது: மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று, போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, பயனரும் சரி என்றாலும், மருத்துவத்துக்கு அந்த எண்கள் தேவையில்லாததால் அந்தச் சம்மதம் செல்லாது. இதை என் கடைக்கு வருகிற எவருக்கும் ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். என்ன தரவை எதற்கு எடுக்கிறார்கள் என்று சொல்லும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று 5ஆவது பிரிவு கூறுகிறது. எட்டாவது அட்டவணையில் தமிழ் இருக்கிறது.

ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அவற்றிலும் அறிவிப்பு, சம்மதம் பற்றிய பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது 2027 மே வரை இப்போதுள்ள நிலைதான். தமிழில் எழுதித் தருவதற்கு இத்தனை மாதம் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. விளம்பரங்கள் எல்லாம் ஏற்கெனவே தமிழில்தான் வருகின்றன.

இதைவிட என்னை உறுத்துவது 5ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே சம்மதம் தந்தவருக்கு, “நியாயமாக இயன்ற அளவு விரைவில்” அறிவிப்புத் தந்தால் போதும். அவராகச் சம்மதத்தைத் திரும்பப் பெறும்வரை தரவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். விரைவில் என்றால் எப்போது? நாள் குறிக்கப்படவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நானும் என்னைப் போன்ற கடைக்காரர்களும் அமுக்கிக் கொடுத்த சம்மதம் எல்லாம் இந்த ஒரு வரியில் உயிர் பிழைத்துக்கொள்கிறது. நாட்டில் இதுவரை வாங்கப்பட்ட சம்மதத்தில் பெரும்பகுதி இப்படிப் பழையதாகத்தான் இருக்கும்.

திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு நான் கண்டதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அனுமதி பெற்றே எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒரு இளம்பெண் வந்தார். கரு கலைந்து இருபது நாள் ஆகியிருந்தது. போனைத் திறந்தால் தொட்டில், குழந்தை உடுப்பு, கர்ப்பிணிகளுக்கான சத்துமாவு என்று விளம்பரங்கள். “அண்ணே, இதை எப்படியாவது நிறுத்திக் குடுங்க” என்றார். வேறொன்றும் பேசவில்லை. மூன்று செயலிகளில் அமைப்புப் பக்கங்களுக்குள் போய், ஒவ்வொன்றாகத் தேடி அணைக்க நாற்பது நிமிடம் பிடித்தது. இரண்டு நாள் கழித்து ஒரு செயலியில் மறுபடி வந்துவிட்டது. சம்மதம் கொடுக்கும்போது ஒரே ஒரு தொடுதல்தான். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அதே 6ஆவது பிரிவு சொல்கிறது. இந்தப் பெண்ணுக்கு அது பொருந்தியிருந்தால் என் கடைக்கு வந்து, முன்பின் பழகாத ஆணிடம் தன் துக்கத்தைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

பெரிய நிறுவனங்கள் தாமாகத் திருந்தும் என்று காத்திருக்க முடியாது. 2021இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள்ளுங்கள் அல்லது விலகுங்கள் என்று இந்தியப் பயனர்களை நிறுத்தியது. ஐரோப்பியர்களுக்கு வேறு கொள்கை இருந்தது. அதை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்ததோடு, விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, தடையை நீக்கிவிட்டது. போட்டி ஆணையம் விதிக்கும் அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். வேறு வழியில்லாமல் ‘ஏற்கிறேன்’ என்று தொட்டவர் கைக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது.

புதிய சட்டத்திலும் அதே கதைதான். நிறுவனங்களுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. அதுவும் இந்தியத் தொகுப்பு நிதிக்கே சேரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின் கீழ்ப் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழி உண்டு. இச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்தப் பிரிவும் நீங்கிவிடும். பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் சாமானியருக்கு ரூ.10,000 வரை அபராதம் என்று மட்டும் இருக்கிறது. இதைப் படித்துச் சொன்னால் என் ஊரில் யார் துணிந்து புகார் கொடுப்பார்கள்?

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

முதலாவதாக, கோடிக்கணக்கான பயனர்களைக் கொண்ட நிறுவனங்களாவது 2027 மே வரை காத்திராமல் இப்போதே அறிவிப்பைத் தமிழில் தர அமைச்சகம் அறிவுறுத்த வேண்டும். அது வக்கீல் நோட்டீஸ் தமிழாக இருக்கக் கூடாது. என்ன எடுக்கிறார்கள், எதற்கு, யாரிடம் போகிறது என்பவை ஒரே திரையில், பொத்தானுக்கு மேலேயே, பொத்தானில் உள்ள அதே அளவு எழுத்தில் வர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அதைக் குரலில் வாசித்துக் காட்டும் வசதியும் வேண்டும். ‘வேண்டாம்’ என்ற பொத்தானும் அதே அளவில் பக்கத்திலேயே இருக்கட்டும். இப்படி மறைத்தும் வற்புறுத்தியும் சம்மதம் வாங்குவதை எதிர்த்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. இரு துறைகளும் சேர்ந்து நடவடிக்கை எடுக்கலாம்.

இரண்டாவது கோரிக்கைதான் எனக்கு மிக முக்கியம். பழைய சம்மதங்களுக்கு ஒரு கெடு வைக்க வேண்டும். சட்டப் பகுதி நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு பயனரிடமும் அவருடைய மொழியில் புதிதாகக் கேட்க வேண்டும். பதில் வராதவருடைய தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இதற்குச் சட்டத் திருத்தம் தேவையென்றால் அதை அமைச்சகம் முன்மொழிய வேண்டும். அதே திருத்தத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

இச்சட்டத்தின் கீழ்ப் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் தமிழில் புகார் கொடுக்கவும், ஆன்லைன் தெரியாதவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்போல ஒரு எண்ணில் வாய்மொழியாகச் சொல்லவும் ஏற்பாடு வேண்டும்.

இத்துடன் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தவர்களின் பட்டியலை இணைத்துள்ளேன். முழு மனுவையும் வாசித்துக் காட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே ஒவ்வொருவரிடமும் வாங்கினேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்கள் பெயர் இதில் இல்லை. பதிலைத் தமிழில் அனுப்பி வையுங்கள். அதையும் இவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: கோவில்பட்டி
இணைப்பு: ஒப்பமிட்டோர் பட்டியல்
நகல்: தலைமை ஆணையர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி