மொய் யார் பேரில்?

அன்புள்ள கலைக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து, சாயங்காலம் ஆடி வீதியைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டார். நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் திரைக்கதையை ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டேன். சொந்தக் காசில், சின்னக் குழுவோடு மதுரையிலேயே எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குக் கவலையாக இருந்தது. இப்போது இல்லை. கல்யாணம் என்றாலே பயந்து தள்ளிப்போடும் உன் பிரபு, எப்போது வந்தாலும் தேன்மொழி வீட்டு வாசலில் பைக் எஞ்சினை அணைக்காமலே பேசுகிறானே, அதற்கு அப்படிச் சிரித்தேன். "உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போப்பா" என்று அவள் அம்மா கூப்பிடக் கூப்பிட, இவன் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறான். அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். தெற்கு ஆவணி மூல வீதியில் எங்கள் கடைக்கு ஜோடியாக வருபவர்களில் அவனும் வருவான். மோதிர அளவு பார்க்க வளையக் கொத்தை நீட்டினால் அவள் விரலுக்குப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பான். தன் கையை மட்டும் பாக்கெட்டிலிருந்து எடுக்க மாட்டான். அவளைப் பிடிக்காமல் இல்லை. தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வாடகை வீடு, பேச்செடுத்தால் சாதியில் வந்து நிற்கும் சொந்தபந்தம்.

அதனால்தான் சொல்கிறேன், இடைவேளைக்குப் பிறகு பிரபுவின் பயத்துக்குக் காரணம் சொல்ல வரும் அப்பா அம்மா சண்டை ஃபிளாஷ்பேக்கை நீக்கிவிடு. ஹாஸ்டலில் நாம் சேர்ந்து பார்த்த 'பிஃபோர் சன்ரைஸ்' ஞாபகம் இருக்கிறதா, 1995-இல் வந்தது? வியன்னாவில் ராத்திரி முழுக்கப் பேசியவர்கள், விடிந்ததும் போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளாமல், ஆறு மாதம் கழித்து இதே ஸ்டேஷனில் பார்ப்போம் என்று பிரிகிறார்கள். எதற்கு இந்தப் பயம் என்று யாரும் நமக்கு விளக்கவில்லை. புரியாமலா போனது?

தேன்மொழிக்கும் பயத்தைக் கொடு. இப்போது அவள் காத்திருக்கிறாள், அழுகிறாள், அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் போய் அடங்கியிருக்க வேண்டுமோ என்று அவளுக்கு ஒரு தயக்கமும் இருக்காதா? அவன் ஒருநாள் நிஜமாகவே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும்போது அவள் வெலவெலத்துப் போகட்டும். தியேட்டர் அங்கேதான் விழுந்து விழுந்து சிரிக்கும்.

கடைசியில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸைத் துரத்துவது வேண்டாம்டி. சித்திரையில் கதையை முடித்துவிட்டு மீனாட்சி கல்யாணத்தை விட்டுவிட்டாயே! அன்றைக்கு ஊர்ப் பெண்களெல்லாம் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். அழகரோ தங்கச்சி கல்யாணத்துக்கு நேரம் கழித்து வந்து, முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊருக்குள் வராமலே வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார். தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவனின் கதைக்கு வேறு எந்த ஊர் இதைக் கொடுக்கும்?

திருக்கல்யாண விருந்தில் மொய் எழுதுவோமே, அங்கே பிரபுவை நிறுத்து. எழுதுபவர் நோட்டிலிருந்து தலை நிமிராமல், "யார் பேர்ல எழுத?" என்கிறார். அவன் தன் பேரைச் சொல்கிறான். "அவ்வளவுதானா?" பக்கத்தில் தேன்மொழி. பின்னால் நீள வரிசை, "சீக்கிரம்ப்பா" என்று ஒரு குரல். அவன் அவள் பேரையும் சொல்லவேண்டும். அதற்கு மேல் அந்த இடத்தில் ஒரு வசனமும் எழுதாதே.

நிஜ விருந்துக் கூட்டத்தில் காமிராவை வைத்துச் சின்னக் குழுவால் சமாளிக்க முடியாது. ஒரு மண்டபம், ஒரு மேஜை, ஒரு நோட்டு போதும். வரிசையில் நிற்க எங்கள் தெருக்காரர்களைக் கூட்டி வருகிறேன். அன்றைய சாப்பாட்டுச் செலவு என்னுடையது. மாற்றி எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மங்கை