கப்பலில் பேசிய இங்கிலீஷ்

அன்பு மகளுக்கு,

வகுப்பில் உன் உச்சரிப்பைக் கேட்டு ரெண்டு பேர் சிரித்தார்கள், அதிலிருந்து வாயே திறப்பதில்லை என்று நேற்று போனில் சொன்னாயே, ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை அம்மாடி. இங்கிலீஷ் எம்.ஏ. படிக்க லண்டன் வரை போன பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி?

நான் செகண்ட் ஆபீசராக இருந்த ஒரு கப்பலில் கேப்டன் உக்ரைன்காரர், சீஃப் இன்ஜினியர் போலந்து, பாதிப் பேர் பிலிப்பைன்ஸ், நான் தூத்துக்குடி. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருத்தர்கூட இல்லை, ஆனாலும் வேலை முழுக்க அதில்தான் நடந்தது.

1990 ஏப்ரலில் ஓஸ்லோவிலிருந்து டென்மார்க் போன ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பல் தீப்பிடித்து 159 பேர் செத்துப்போனார்கள். பயணிகள் பேசுவது மாலுமிகள் பலருக்குப் புரியவில்லை, மாலுமிகளுக்குள்ளேயே சரியாகப் பேசிக்கொள்ள முடியவில்லை. இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் 2001-இல் சர்வதேச கடல்சார் அமைப்பு, கப்பலில் எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாக்கியங்களையே தொகுத்துக் கொடுத்தது.

அதில் கப்பல் போகும் திசை 150 டிகிரி என்றால் அதை 'ஒன் ஃபிஃப்டி' என்று சொல்லக் கூடாது, 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரேடியோ இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகத்தான் கேட்கும். 'மே', 'கேன்' எல்லாம் ரெண்டு அர்த்தம் தரும் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். கப்பல் பாதைக்குள் நுழையலாமா என்று கேட்க வேண்டுமானால் முதலில் 'குவெஸ்சன்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் 'டூ ஐ ஹேவ் பெர்மிஷன்' என்று கேட்க வேண்டும். நீ படிக்கிற கவிதைக்குப் பக்கத்தில் இது மொட்டையாகத் தெரியும், ஆனால் உயிர் காக்கிற இங்கிலீஷ் இதுதான், எனக்கு இது அழகாகவே தெரிகிறது.

ஒருமுறை சிங்கப்பூர் ஜலசந்தியில் மழை கொட்டுகிறது, எதிரே வந்த கப்பல்காரர் சொன்னது எனக்குப் புரியவில்லை. 'ஸே அகெய்ன்' என்றேன். மறுபடி சொன்னார், புரியவில்லை, மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார், புரிந்தது. அவரும் சலித்துக்கொள்ளவில்லை, எனக்கும் வெட்கமாக இல்லை. கேப்டன் பக்கத்தில்தான் நின்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் வாயில் வருவது தூத்துக்குடி இங்கிலீஷ்தான், அதை மாற்ற வேண்டாம். யாருக்காவது புரியவில்லையா, நிறுத்தி இன்னொரு தடவை சொல். வியாழக்கிழமை வகுப்பில் பேசிவிட்டு போன் பண்ணு, என்ன பேசினாய் என்று அப்படியே எனக்குச் சொல்ல வேண்டும்.

அப்பா